ஆயா என்று கூப்பிட்டால் மரியாதைக் குறைவா?

கோவையிலிருந்து தர்மபுரிப் பக்கம் மருமகளாக வந்த ஒரு தங்கை கேட்ட கேள்வி இது. அவருக்கு ஒன்றேகால் வயதில் ஒரு பெண் குழந்தை. மாமியார் அந்தக் குழந்தைக்குத் தன்னை "ஆயா" என்று கூப்பிடப் பழக்குகிறார். தங்கைக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே தான் படித்த பள்ளிக்கூடத்தில் வகுப்பறை பெருக்கிய ஆயாதான் நினைவுக்கு வருகிறாராம். "பாட்டி என்று மாற்றிவிட்டால் மரியாதையாக இருக்காதா? எதிர்வீட்டில் வேறு அவ்வா என்கிறார்கள், அது என்ன வார்த்தை?" என்று கேட்டிருக்கிறார்.

மாற்ற வேண்டாம் தங்கை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு சொல்லைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நான் காரிமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, ஆயா கையால் கேவுரு (கேழ்வரகு) களி தின்று வளர்ந்தவன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் அரசுப் பள்ளிகளில் தமிழ் வாத்தியாராக இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தப் பள்ளிக்கூடத்து ஆயாவைப் பார்த்துவிடலாம். அது வேறு சொல், நம் வீட்டு ஆயா வேறு சொல். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குப் போர்த்துகீசிய மொழியில் 'ஐயா' என்பது போல ஒலிக்கும் ஒரு பெயர் உண்டு. ஜன்னல், அலமாரி, சாவி எல்லாம் எந்தக் கப்பலில் நம் ஊருக்கு வந்ததோ அதே வழியில் இதுவும் வந்து, இந்தியில் ஆயா ஆகி, வெள்ளைக்காரர் பங்களாக்களில் புழங்கி, அப்புறம் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பால்வாடி என்று பரவியது. நம் வீட்டு ஆயாவோ கப்பலுக்கெல்லாம் முந்தையவர். ஆய் என்றால் தமிழில் தாய். யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். "யாயும் ஞாயும் யாரா கியரோ" என்ற குறுந்தொகைப் பாட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த ஆய்தான் ஆயி ஆகி, ஆயா ஆகி உங்கள் மாமியார் வாயில் இருக்கிறது. இங்கே வயதான பெண்களின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். பாப்பாயி, செல்லாயி, மாராயி, பெருமாயி, அங்காயி என்று வரிசையாக வரும். அந்தப் பெயர்களின் கடைசியில் நிற்கிற ஆயியும் இதே தாய்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அந்தப் போர்த்துகீசியச் சொல்லையும் பின்னோக்கித் துரத்திப் போனால் அது லத்தீனில் 'அவியா' என்ற சொல்லில் போய் நிற்பதாக அகராதிகள் காட்டுகின்றன. அவியா என்றால் என்ன பொருள் தெரியுமா? பாட்டி! ஆக, வேலைக்கார ஆயா என்று நீங்கள் கூசுகிற சொல்லுக்கு உள்ளேயும் ஒரு பாட்டிதான் உட்கார்ந்திருக்கிறாள். இதை வைத்துக்கொண்டு லத்தீனும் தமிழும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பல் முளைக்காத வாயில் சுலபமாக வருகிற ஒலிகள் அம்மா, அப்பா, ஆயா, அவ்வா போன்றவை, அதனால்தான் உலகம் முழுக்க இந்த மாதிரிச் சொற்கள் ஒன்றுபோல ஒலிக்கின்றன. உங்கள் மகள் ஆயா என்று சீக்கிரம் சொல்லிவிடுவாள். பாட்டி என்பதில் இருக்கிற 'ட்'டைப் பிடிக்க இன்னும் சில மாதம் ஆகும், அதுவரை "பாத்தி" என்றுதான் வரும்.

சரி, பாட்டி மரியாதையான சொல், ஆயா நாட்டுப்புறத்துச் சொல் என்கிற எண்ணத்துக்கு வருகிறேன். இது பாடப்புத்தகமும் டிவியும் சேர்ந்து ஏற்படுத்திய எண்ணம். 'பாட்டி வடை சுட்ட கதை' என்று புத்தகத்தில் இருக்கும், எங்கள் வீட்டில் அதே கதை 'ஆயா வடை சுட்ட கதை'. காக்காவும் நரியும் மட்டும் மாறவில்லை. பாட்டி நல்ல சொல்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பழைய புழக்கத்தைப் பாருங்கள். மதுரைக்காஞ்சியில் "பாணர் வருக பாட்டியர் வருக" என்று ஒரு வரி வருகிறது. அங்கே பாட்டியர் என்றால் பாணர் குலத்துப் பாடும் பெண்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்ற பொருளே கிடையாது. தொல்காப்பிய மரபியலில் "பாட்டி என்ப பன்றியும் நாயும்" என்று இருக்கிறது, அதாவது பெண் பன்றிக்கும் பெண் நாய்க்கும் அன்றைக்குப் பாட்டி என்று பெயர், நரிக்கும் சேர்த்துத்தான். இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். ஒரு சொல்லுக்கு மரியாதை அதன் எழுத்துக்குள்ளே இருந்து வருவதில்லை, அதை யார் யாரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதில் இருந்துதான் வருகிறது. இன்றைக்குப் பாட்டி என்பது நமக்கு எவ்வளவு இனிப்பாக இருக்கிறது!

கிழவியும் அப்படித்தான், ஆனால் எதிர்த் திசையில் போன சொல். கிழமை என்றால் உரிமை. தலைவன், தலைவி என்று நாம் சொல்பவர்களைத் தொல்காப்பியம் கிழவன், கிழத்தி என்று சொல்லும், ஒருவர்மேல் ஒருவர் உரிமை உள்ளவர்கள் என்று பொருள். அந்தச் சொல் இன்றைக்கு முகத்துக்கு நேரே சொல்ல முடியாத சொல்லாகிவிட்டது. எங்கள் பக்கம் "எங்க கெழவி இருந்தவரைக்கும் இந்த வூட்டுல மோருக்குப் பஞ்சமில்ல" என்று பேரன் சொன்னால் அதில் பாசம்தான் இருக்கும். "உங்க கெழவி" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் அன்றைக்குச் சண்டைதான். ஆயாவுக்கும் இந்த விதி உண்டு. எங்க ஆயா என்றால் உறவு, சண்டையில் குரல் உயர்த்தி "உங்க ஆயா" என்றால் வசவு. அம்மாவையும் ஆத்தாவையும் இதே மாதிரி வசவுக்கு இழுக்கிறார்கள், அதற்காக யாரும் அம்மா என்று கூப்பிடுவதை விட்டுவிடவில்லையே.

இப்போது உங்கள் எதிர்வீட்டு அவ்வா. அந்த வீட்டில் தெலுங்கு பேசுவார்கள் என்று நினைக்கிறேன். தெலுங்கில் அவ்வா என்றால் பாட்டி. ஆனால் தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் போய்க் கன்னடம் பேசும் வீடுகளில் அவ்வா என்று கேட்டால் பல வீடுகளில் அம்மா வந்து எட்டிப் பார்ப்பாள், பாட்டிக்கு அங்கே அஜ்ஜி. ஓசூர்ப் பக்கம் ஒரே தெருவில் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் "அவ்வா" என்று கத்தினால் ஒரு வீட்டில் முப்பது வயதுப் பெண் வருவாள், இன்னொரு வீட்டில் அறுபது வயதுப் பெண் வருவாள். ஒரே சொல் ஒரு தலைமுறை மேலே ஏறி இறங்குகிறது, நம் ஆய் ஆயாவானது போல.

தமிழிலும் இந்தச் சொல் இருக்கிறது, அதுவும் நம் ஊரோடு சேர்த்துத்தான் இருக்கிறது. அவ்வை! தகடூர் என்பது தர்மபுரியின் பழைய பெயர், அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான். இங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. புறநானூற்றில் 91ஆம் பாட்டில் ஔவையே அதைப் பாடியிருக்கிறார். ஔவை என்ற சொல்லுக்குத் தாய், மூதாட்டி, தவப்பெண் என்றெல்லாம் அகராதியில் பொருள் இருக்கிறது. தெலுங்கு அவ்வாவும் கன்னட அவ்வாவும் இதன் கூடப் பிறந்தவை. பிள்ளைகள் எல்லோரும் தடி ஊன்றிய நரைத்த கிழவியாகத்தான் ஔவையை வரைவார்கள். புறநானூறு 89ஆம் பாட்டைப் பார்த்தால், பகையரசன் ஒருவன் அவரை மை தீட்டிய கண்ணும் ஒளிவிடும் நெற்றியும் உள்ள விறலி, அதாவது ஆடிப் பாடும் பெண், என்று அழைத்துப் பேசியதாக வருகிறது. அதியமானோடு இருந்த ஔவை இளமையானவராகவே இருந்திருக்கலாம். பெயரில் இருந்த 'அவ்வை'யும் பிற்காலத்து ஔவையார் கதைகளும் சேர்ந்து அவருக்கு நரை வரவைத்துவிட்டன என்று நினைக்கிறேன். எதிர்வீட்டுக் குழந்தை அவ்வா என்று கூப்பிடும்போது இது உங்கள் நினைவுக்கு வந்தால் எனக்குச் சந்தோஷம்.

கிருஷ்ணகிரிப் பக்கம் வேலை பார்த்தபோது ஆறாம் வகுப்பில் ஒருநாள் உறவுப் பெயர்கள் பாடம் எடுத்தேன். "உங்க அம்மாவோட அம்மாவை வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க, போர்டுல வந்து எழுதுங்க" என்றேன். முதலில் நாலைந்து பேர் பாட்டி என்று எழுதினார்கள். புத்தகத்தில் இருப்பதைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்துவிட்டார்கள். "எனக்கு எழுதுற பேர் வேணாம், கூப்புடற பேர் வேணும்" என்று சொன்னபிறகு ஆயா வந்தது, அவ்வா வந்தது, அம்மம்மா வந்தது, அஜ்ஜி வந்தது. கடைசி பெஞ்சில் இருந்த ஒரு முஸ்லிம் பிள்ளை மெதுவாக எழுந்து வந்து 'நானி' என்று எழுதினாள். உடனே ஒரு தெலுங்குப் பையன், "சார், எங்க வூட்லயும் நானம்மா இருக்காங்க, ஆனா அது எங்க அப்பாவோட அம்மா" என்றான். அந்த இடத்தில் பாடம் சூடு பிடித்துவிட்டது. உருது பேசும் வீட்டில் நானி என்றால் அம்மாவைப் பெற்றவர், தாதி என்றால் அப்பாவைப் பெற்றவர். தெலுங்கு நானம்மாவில் இருக்கிற 'நான' என்பது நாயனா, நான்னா என்கிற அப்பா, ஆகவே அது அப்பாவின் அம்மா. காதுக்கு ஒரே மாதிரி இருக்கிறது, உறவு நேர் எதிர்ப்பக்கம். மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அந்தப் போர்டை அழிக்க எனக்கு மனசு வரவில்லை, அடுத்த வகுப்புக்கு வந்த கணக்கு வாத்தியாரிடம் ஒரு ஓரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

உங்கள் கோவைப் பக்கத்துச் சொற்கள் உங்களுக்கே தெரியும். அம்மாவைப் பெற்றவர் அம்மிச்சி, அவர் வீட்டுக்காரர் அப்புச்சி, அப்பா பக்கம் அப்பாரு, ஆத்தா, அப்பத்தா. இந்தத் தெளிவு எனக்கு எப்போதும் பொறாமை தருகிற ஒன்று. மதுரை, தேனிப் பக்கம் அம்மாச்சி, அப்பத்தா. திருச்சி, பெரம்பலூர்ப் பக்கம் அம்மாயி, அப்பாயி. திருநெல்வேலியில் ஆச்சி. செட்டிநாட்டில் அம்மாவின் அம்மாதான் ஆயா, அப்பாவின் அம்மா அப்பத்தா. அங்கே ஆயாவை ஒருவரும் குறைவாக நினைப்பதில்லை. இவற்றைப் பிரித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். அப்பத்தா என்பது அப்பா, ஆத்தா. அம்மாயி என்பது அம்மா, ஆயி. அம்மாச்சி என்பது அம்மா, ஆச்சி. எல்லாவற்றிலும் கடைசித் துண்டு தாயைக் குறிக்கிற சொல்தான். பாட்டிக்கென்று புதிதாக ஒரு பெயரைக் கண்டுபிடிக்காமல், இருந்த தாய்ச் சொல்லையே எடுத்து ஒரு படி மேலே வைத்திருக்கிறார்கள். (அம்மாயி என்று தெலுங்கு வீட்டில் சொன்னீர்கள் என்றால் சின்னப் பெண் ஒருத்தி வந்து நிற்பாள். தெலுங்கில் அம்மாயி என்றால் பெண்பிள்ளை. திருச்சிக்காரர்கள் ஓசூரில் கவனமாக இருக்க வேண்டும்.)

நம் பக்கத்து ஆயாவில் இந்தப் பிரிவு கிடையாது, இரண்டு பக்கமும் ஆயாதான். அப்படியானால் எப்படிப் பிரித்துச் சொல்வது? பிள்ளைகளே வழி கண்டுபிடித்துவிடுவார்கள். ஊர்ப் பெயர் சேர்ப்பார்கள், பாலக்கோட்டு ஆயா, மாரண்டஹள்ளி ஆயா. இல்லையென்றால் கண்ணில் படுவதைச் சேர்ப்பார்கள், கண்ணாடி ஆயா, வெத்தல ஆயா, மாட்டு ஆயா. ஒட்டு எதுவும் இல்லாமல் "லீவுக்கு ஆயா வூட்டுக்குப் போறேன்" என்று சொன்னால் அது பெரும்பாலும் அம்மா பிறந்த வீடுதான், யாரும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. ஆயாவுக்கு மேலே இருப்பவர் கொள்ளுப்பாட்டி. அதைக்கூட எங்கள் வீட்டில் 'பெரியாயா' என்று சொல்லித்தான் பழக்கம்.

அப்புறம் ஒரு விஷயம், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்டுத் திகைப்பது. ஆயா பேத்தியைப் பார்த்தே ஆயா என்று கூப்பிடுவாள். என் ஆயா மாசி, பங்குனியில் புளி தட்டுவாள். திண்ணையில் சாக்கை விரித்து, ஒரு காலை நீட்டி, முன்னால் பட்டைக் கல். ஓடு எடுத்த புளியம்பழத்தை இடது கையால் கல்மேல் வைத்து வலது கையில் இருக்கும் சின்னச் சுத்தியலால் ஒரே தட்டு. கொட்டை தெறித்து ஒரு பக்கம் விழும், சதை ஒரு பக்கம் போகும். கண் கல்லில் இருக்காது, தெருவில் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே தட்டுவாள், ஒருநாளும் விரலில் பட்டதில்லை. நடுவில் என் தங்கையைக் கூப்பிடுவாள். "யா ஆயா, அந்த மொறத்த எடுத்தா." தங்கை உள்ளேயிருந்து, "இன்னா ஆயா?" இரண்டு ஆயாவும் ஒருவரையொருவர் ஆயா என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், எங்கள் யாருக்கும் குழப்பம் வந்ததே இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. என் தங்கைக்கு வைத்தது ஆயாவின் பெயர். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், பேத்தி பெயர்த்தி. தாத்தா பாட்டி பெயரைத் தாங்குகிறவர்கள் என்று பொருள். பெயரை வைத்தாயிற்று, ஆனால் மருமகள் மாமியார் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். என் அம்மா தான் பெற்ற பிள்ளையை ஒருநாளும் அதன் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பாப்பா என்பாள், ஆயா என்பாள், கோபம் வந்தால் "ஏய்" என்பாள். தங்கை பள்ளியில் சேரப் போன அன்றைக்குப் பெயர் கேட்டபோது அம்மா என்னைப் பார்த்தாள், நான்தான் சொன்னேன். அந்த வழக்கம் சரியா தப்பா என்று நீங்கள் கேட்டால், ஒரு தாய் பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்ல முடியாமல் வைத்திருந்தது தப்பு என்றுதான் சொல்வேன். இன்றைக்கு அது பெரும்பாலும் போய்விட்டது, நல்லதுதான். ஆனால் பேத்தியை ஆயா என்று கொஞ்சுவது போகவில்லை. உங்கள் மாமியாரும் உங்கள் மகளை "வாடி ஆயா" என்று தூக்கியிருப்பார், கவனித்துப் பாருங்கள்.

வெளியில் எப்படிப் பேசுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வந்தவர்களுக்கு உதவும். சந்தையிலோ பஸ்ஸிலோ வயதான பெண்ணைப் பார்த்து "கொஞ்சம் தள்ளி உக்காரு ஆயா" என்று நீங்கள் சொன்னால் இங்கே யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். அந்த 'உக்காரு'வில் ஒருமை இருக்கிறதே என்று கவலைப்படவும் வேண்டாம், ஆயாவை நீ என்று சொல்வதுதான் எங்கள் பக்கத்து நெருக்கம், "வாங்க ஆயா, போங்க ஆயா" என்றால்தான் ஏதோ மனஸ்தாபம் போல இருக்கும். கோவைக்காரர் காதுக்கு இது கஷ்டமாக இருக்கும் என்று தெரியும், நீங்கள் 'ங்க' போட்டே பேசுங்கள், அதையும் ரசிப்பார்கள். டவுன் பக்கம், அதுவும் ஐம்பது ஐம்பத்தைந்து வயதுப் பெண்களை ஆயா என்றோ பாட்டி என்றோ கூப்பிடாதீர்கள், அம்மா என்று சொல்லிவிடுங்கள். பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களைப் பெரும்பாலும் 'ஆயாம்மா' என்கிறோம், வீட்டு ஆயாவுக்கு அந்த 'ம்மா' கிடையாது. இந்த வித்தியாசத்தை உங்கள் மகள் மூன்று வயதிலேயே பிடித்துக்கொள்வாள். அந்த ஆயாம்மாக்களும் யார் வீட்டுக்கோ ஆயாதான், அந்த வேலையை நினைத்து ஒரு சொல்லை நாம் தாழ்த்திவிடக் கூடாது என்பதும் என் மனசில் உண்டு.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது, வீட்டிலேயே இந்தச் சொல்லை வெட்கப்பட்டு மறைப்பது. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பிள்ளை ஆண்டு விழாவுக்கு ஆயாவைக் கூட்டிவந்துவிட்டு, சிநேகிதர்கள் முன்னால் "கிராண்ட்மா" என்று கூப்பிட, தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று தெரியாமல் அந்த அம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிள்ளை மூன்றாம் முறை தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினார்.

ஆகவே தங்கை, உங்கள் மாமியாரை ஆயா என்றே கூப்பிடட்டும். உங்கள் அம்மா கோவையிலிருந்து வரும்போது அவரை அம்மிச்சி என்று சொல்லப் பழக்குங்கள், அதைப் பாட்டி என்று மாற்றிவிடாதீர்கள். எங்கள் பிள்ளைகள் மாதிரி ஊர்ப் பெயர், கண்ணாடி, வெத்தலை எதையும் ஒட்டவைக்கிற வேலை உங்கள் மகளுக்கு இருக்காது. எதிர்வீட்டு அவ்வாவை அவள் அவ்வா என்றே கூப்பிட ஆரம்பித்தால் தடுக்க வேண்டாம், அவர்கள் வீட்டில் மாங்காய்க் காலத்தில் முதல் ஊறுகாய் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.